பொம்மிடி மாடியில் ஒரு நிலவு வரைபடம்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சிற்றிலக்கியம் ஒன்றைப் பற்றியோ உரையாசிரியர் ஒருவரைப் பற்றியோ எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே தொடங்கினோம். நான்கு பக்கம் எழுதிய பின்னர், தாள்கள் காற்றில் பறவாதிருக்க மேசைமேல் வைத்துள்ள வெண்ணிறக் கல் கண்ணில் பட்டது. எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டு அக்கல்லைப் பற்றியே எழுதத் துணிந்தோம். தமிழ்த்துறை மலரில் கல்லுக்கும் நிலவுக்கும் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம். இதில் சொல்லாராய்ச்சியும் உண்டு. எம் பிழை ஒன்றும் உண்டு.

எம் ஊர் பொம்மிடி. தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்தது. தெற்கே சேர்வராயன் மலை நெடுஞ்சுவர்போல் நிற்கும். பிள்ளைப் பருவத்தில் கல் என்பது எமக்கு இருவகையாகவே தெரிந்தது: வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும்; வெளியே மலை. மலையின் கல்லே வீட்டுக்குள் அம்மியாய்க் கிடக்கிறது என்பதை யாம் அறிந்தது ஐம்பது வயதிற்குப் பின்னர்தான். அதனைச் சொல்லித் தந்தவள் எம் தமையனார் மகள்.

சேர்வராயன் மலையின் கல்லுக்கு நிலவியலார் சார்னகைட் என்று பெயரிட்டுள்ளனர். கல்கத்தா நகரின் வரலாற்றோடு சேர்த்துப் பேசப்பெறும் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இவ்வினத்தது. சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டது. அதனை ஆய்ந்த தாமஸ் ஹாலந்து என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பெயரையே கல்லினத்துக்குச் சூட்டிவிட்டார். நம் மலைக்கு எவருடைய கல்லறையோ பெயர் தந்ததை எண்ணும்போது சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அக்கனிமத்தை உலகம் கொரண்டம் என்று வழங்குகிறது. குருந்தம் என்னும் நம் சொல்லே கடல் கடந்து அவ்வாறு திரிந்தது. அக்குருந்தம் கிடைக்கும் இடங்களுள் ஒன்று நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. எம் மேசைக் கல்லும் அவ்வூரினதே. சித்தம்பூண்டிக்குப் பின்னர் வருவோம்.

2015-ஆம் ஆண்டு அப்பெண் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். சேலத்தில் நிலவியல் படிக்க வேண்டும் என்றாள். தமையனார் கலங்கிப்போய் எமக்குத் தொலைபேசினார். "நீதான் படித்தவன், நீ சொன்னால் கேட்பாள்" என்றார். யாம் நீண்டதொரு கடிதம் எழுதினோம். நிலவியல் என்பது சுத்தியலும் கையுமாய்க் காடுமேடு அலையும் படிப்பு. வாரக்கணக்கில் வெளியூரில் தங்க நேரும். பெண்பிள்ளைக்கு ஒத்து வாராது. கணிதமோ தமிழோ எடுத்தால் யாமே உதவுவோம் என்று எழுதினோம். நடை நன்றாக அமைந்துவிட்டது என்று அன்று உள்ளூர மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

நிலவியல் மாணவர் ஒருவரையும் யாம் அதுவரை கண்டதில்லை. அவர்கள் எங்கே போகிறார்கள், எவரோடு போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று ஒருவரையும் கேட்டதும் இல்லை.

கடிதம் வேலை செய்தது. அவளைச் சேலத்துக்கு அனுப்பவில்லை. வேறு படிப்பில் சேர அவள் ஒப்பவில்லை. ஓராண்டு முழுதும் வீட்டில் இருந்தாள். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். எம் அன்னையாருக்கு வேளைதோறும் மருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை என்று தமையனார் பெருமையாகவே சொன்னார். மறு ஆண்டு சேர்க்கைக் காலத்தில் வழி திறந்தவர் பள்ளிக்கூடம் கண்டறியாத எம் அன்னையார். "கல்லைத்தானே படிக்கப் போகிறாள்? நான் ஐம்பது வருடமாக அந்த அம்மிக்கல்லோடுதான் கிடக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்டாராம். அதற்கு மறுமொழி தமையனாரிடமும் இல்லை, எம்மிடமும் இல்லை. 2016-ஆம் ஆண்டு அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள்.

நாள்தோறும் ரயிலில் போய் வந்தாள். லோகூர், தானிஷ்பேட்டை கடந்து சேலத்தை நெருங்கும்போது மேக்னசைட் சந்திப்பு என்றொரு நிலையம் வரும். கனிமத்தின் பெயர் தாங்கிய ரயில் நிலையம் உலகில் எத்தனை இருக்குமோ! அங்கே வெளுத்துத் தெரியும் சுண்ணாம்புக் கரட்டில் கிடைப்பது மக்னீசியம் கார்பனேட். எம் தலைமுறையினர் அதைச் சன்னல் வழியே பார்த்துவிட்டுச் செய்தித்தாளைத் திருப்புவோம். அவளோ ஒருநாள் வந்து, செவ்வாய்க் கோளிலும் இக்கனிமம் இருப்பதை 2008-ஆம் ஆண்டு விண்கலம் ஒன்றின் கருவி கண்டது என்றாள். நீர் பட்டு மாறிய கல்லில்தான் இது தோன்றும். ஆகவே அங்கே ஒருகாலத்தில் நீர் இருந்ததற்கு இது சான்று என்றாள். நாற்பதாண்டுகள் அவ்வழியே சென்றும் அக்கரடு எமக்கு அழுக்கு வெள்ளையாகவே தெரிந்திருக்கிறது.

கல்லூரியில் களப்பயணமாகச் சித்தம்பூண்டிக்கு அழைத்துச் சென்றனர். ஆசிரியர் இருவர் உடன் சென்றனர், மாலையே திரும்பினர். அவள் கொண்டுவந்து தந்ததுதான் எம் மேசைக் கல். அனார்த்தசைட் என்பது அதன் பெயர். பெரும்பகுதி வெள்ளை, இடையிடையே கரும்புள்ளி. உப்புக் கண்டத்தில் மிளகு தெறித்ததுபோல் இருக்கும். 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. "சின்னத்தா, நிலாவில் வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் இந்தக் கல்தான்" என்றாள். மகள் முறையினள் சொல்வதை மறுக்க மனமில்லாமல் தலையசைத்தோம்; நம்பவில்லை.

அவள் சொன்னது உண்மை என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். நிலவு தோன்றிய காலத்தில் அதன் மேற்பரப்பு முழுதும் உருகிய பாறைக் குழம்பாய் இருந்தது என்பது அறிவியலாரின் கருத்து. குழம்பு ஆறியபோது எடை மிக்க கனிமங்கள் அடியில் தங்கின. எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் மேலே மிதந்து, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் படிந்து இறுகியது. அந்த ஆடையே நிலவின் வெண்மையான மேட்டுநிலம். 1969-ஆம் ஆண்டு அப்பல்லோ 11 கொணர்ந்த மண்ணில் இருந்த சிறு வெள்ளைத் துணுக்குகளைக் கண்டு இதனை ஊகித்தனர். 1971-ஆம் ஆண்டு அப்பல்லோ 15 வீரர்கள் உள்ளங்கையளவு வெள்ளைக் கல் ஒன்றையே எடுத்து வந்தனர். அதன் வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

புவியில் அனார்த்தசைட் பல நாடுகளில் உண்டு. ஆனால் நிலவின் கல்லில் உள்ளதுபோல் கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் அமைந்தவை குறைவு. சித்தம்பூண்டிக் கல் அக்குறைந்த சிலவற்றுள் ஒன்று. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலார் இக்கல்லில் ஒளி பட்டுத் திரும்பும் பாங்கினை அளந்து, நிலவின் மேட்டுநிலத்தோடு ஒப்பிட்டு ஆய்ந்துள்ளனர். சந்திரயான்-2 திட்டத்தின் இறங்குகலத்தையும் ஊர்தியையும் நிலவின் மண் போன்ற மண்ணில் சோதிக்க வேண்டியிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து வாங்கினால் பெருஞ்செலவாகும் என்று கண்டு, சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிக் கற்களை டன் கணக்கில் அரைத்துப் பெங்களூருக்குக் கொண்டு சென்றனர். அச்செய்முறைக்கு 2020-ஆம் ஆண்டு இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். எம் கல்லில் உள்ள கரும்புள்ளிகள் நீரின் துணையால் உருவான கனிமம். நிலவின் வெள்ளைக் கல்லில் அவை இல்லை. ஒன்று போலவே மற்றொன்று என்று சொல்லத் தொடங்கினால், எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி 2020-ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடப்பட்டது, யாம் பொம்மிடிக்கு வந்து சேர்ந்தோம். அவளும் முதுகலை வகுப்பை விட்டு வீட்டுக்குள் அடைபட்டிருந்தாள். அவ்வாண்டு ரமலான் பிறையைப் பள்ளிவாசல் முன்றிலில் கூடிக் காண வழியில்லாமல், வீட்டு மாடியிலேயே குடும்பத்தோடு நின்று கண்டோம். எம் அன்னையாரையும் நாற்காலியோடு மேலே தூக்கி வந்தோம். ஊருக்குள் ஓசையே இல்லாத மாலை அது. பிறை மறைந்த பின்னரும் இறங்க மனமின்றி அங்கேயே அமர்ந்திருந்தோம். அப்போதுதான் அவள், தன் ஆசிரியர் தந்துள்ள பயிற்சியைச் சொன்னாள். நிலவில் சிறியதொரு சதுரத்தை எடுத்துக்கொண்டு அதன் நிலவியல் வரைபடத்தை வரைய வேண்டும். அவளுக்குக் கிடைத்தது டேகார்ட் மேட்டுநிலப் பகுதி.

அவ்வாண்டு ஏப்ரலில்தான் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர் நிலவு முழுவதற்குமான நிலவியல் வரைபடத்தை ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டிருந்தனர். அளவை 1:50,00,000. மடிக்கணினித் திரையில் அதனைக் கண்டபோது, சிறுமியர் ஒட்டுத்துணி தைத்த போர்வை நினைவுக்கு வந்தது. ஊதாவும் மஞ்சளும் செந்நிறமும் பச்சையுமாய் நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒவ்வொரு நிறமும் ஒரு காலம், ஒரு வகைப் பாறை. நிலவில் இறங்கி நடந்தோர் ஆறே பயணங்களில் பன்னிருவர். அவர்கள் நடந்த நிலம் நம் வட்டத்தின் பரப்பளவும் இராது. எஞ்சியதையெல்லாம் இங்கிருந்தபடியே எவ்வாறு வரைந்தனர் என்று கேட்டோம்.

அவள் எம்மை ஊர்ப்புறக் கல்லிலிருந்து தொடங்கச் செய்தாள். தருமபுரி மாவட்டத்தில் வெளிர்நிறப் பாறையை ஊடறுத்துக் கரிய நிறத்தில் நேர்கோடாய் ஓடும் பாறைச் சுவர்கள் உண்டு. கருங்கல் என்று அறுத்துப் பளபளப்பாக்கி ஏற்றுமதி செய்வது அவற்றையே. வெட்டப்பட்ட பாறை முந்தியது. வெட்டிச் சென்ற பாறை பிந்தியது. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, பார்வை போதும். நிலவிலும் அதுவே முறை. ஒரு பள்ளத்தின் விளிம்பை மற்றொரு பள்ளம் சிதைத்திருந்தால், சிதைத்தது இளையது. தெறித்த மண் எதன்மேல் படிந்திருக்கிறதோ அது மூத்தது. முழுநிலா நாளில் தென்பகுதியில் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் வெண்கதிர் பாய்வது தெரியும். அது டைக்கோ. அக்கதிர்கள் எல்லாவற்றின்மேலும் படிந்து கிடப்பதால் அது மிக இளையது என்று கொள்வர். இளையது என்றாலும் ஏறத்தாழ 11 கோடி ஆண்டு. இம்முறையை நிலவுக்கு வகுத்தளித்தவர்கள் யூஜின் ஷூமேக்கரும் ராபர்ட் ஹேக்மனும், ஆண்டு 1962. மனிதன் அங்கே கால் வைப்பதற்கு ஏழாண்டு முன்னரே அதன் காலவரிசை எழுதப்பட்டுவிட்டது.

அடுத்தது எண்ணுதல். மழையில் நெடுநேரம் நின்ற மணற்பரப்பில் துளிக்குழிகள் மிகுதி. சற்றுமுன் பரப்பிய மணலில் குறைவு. அவ்வாறே பள்ளம் மலிந்த நிலம் பழையது. எத்தனை பள்ளத்துக்கு எத்தனை கோடி ஆண்டு என்பதை, அப்பல்லோ வீரர்களும் ரஷ்யாவின் லூனா கலங்களும் கொணர்ந்த கற்களின் வயதைக் கொண்டு கணக்கிட்டனர். வியப்பு என்னவெனில், புதன் கோளின் வயதையும் இந்த நிலவுக் கணக்கைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். 1974, 1975-ஆம் ஆண்டுகளில் மரினர் 10 புதனின் பாதியளவையும் படம் எடுக்க இயலாமல் போயிற்று. 2011 முதல் 2015 வரை அதனைச் சுற்றிய மெசஞ்சர் கலமே முழுமையாகப் படம் தந்தது. எந்தக் கலமும் அங்கிருந்து ஒரு கல்லும் கொணர்ந்ததில்லை. ஆயினும் வரைபடம் இருக்கிறது, காலவரிசை இருக்கிறது. புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர், கவிஞர் பெயரைச் சூட்டுவது மரபு என்றும், வால்மீகியும் காளிதாசரும் அங்கே இடம்பெற்றுள்ளனர் என்றும் அவள் சொன்னபோது, தமிழாசிரியர்க்குரிய பொறாமை எமக்கு வந்தது. செவ்வாயின் சிறு பள்ளங்களுக்கோ ஒரு லட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் ஊர்களின் பெயரையே இடுகின்றனராம். அப்படியெனில் பொம்மிடிக்குத் தகுதி இருக்கிறது. எவரிடம் விண்ணப்பிப்பது என்று அன்னையார் கேட்டார்.

அவளுடைய சதுரத்தின் தென்மேற்கு மூலையில் 60 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பள்ளம் ஒன்று. பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்: அபுல்ஃபிதா. ஹமா நகரை ஆண்ட சிற்றரசர், புவியியல் நூலாசிரியர், 1331-ஆம் ஆண்டு மறைந்தவர். அக்கம்பக்கத்தில் தேடினோம். அல்ஃப்ராகானஸ் என்றிருப்பவர் அல்ஃபர்கானி. அல்பதேக்னியஸ் என்றிருப்பவர் அல்பத்தானி. அசோஃபி என்று உருமாறி நிற்பவர் விண்மீன் நூல் இயற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. 1651-ஆம் ஆண்டு இத்தாலியில் ரிச்சியோலி என்னும் கிறித்தவத் துறவி வெளியிட்ட நிலவுப் படத்தில் இவ்வறிஞர் பலர்க்கும் இடம் அளித்திருக்கிறார். எம் ஆர்வத்தைக் கண்டு அவள் நகைத்தாள்: "சின்னத்தா, நீங்கள் பெயரையே பார்க்கிறீர்கள், நிலத்தைப் பாருங்கள்."

நிலத்தைப் பார்த்தோம். அபுல்ஃபிதாவுக்கு வடக்கே, சற்றுக் கிழக்கே ஒதுங்கி, மேடும் திடலுமாய்க் கரடுமுரடான நிலம். அதனையொட்டி வெளிர்நிறச் சமவெளி. 1972-ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பல்லோ 16 இறங்கியது இங்கேதான். இறங்குமுன் வரைந்த வரைபடத்தில் இம்மேடுகள் எரிமலைக் குழம்பால் ஆனவை என்றும், சமவெளியும் எரிமலைப் படிவே என்றும் குறித்திருந்தனர். படத்தில் அப்படித்தான் தெரிந்தது. தேர்ந்த அறிஞர் பலர் கூடி முடிவு செய்தது. அதனாலேயே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் இறங்கி நடந்து கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தனர். எரிமலைக் கல் இல்லை. எங்கு நோக்கினும், மோதலில் நொறுங்கிய துண்டுகள் மீண்டும் ஒட்டிச் சேர்ந்த கல்லே கிடைத்தது. மொசைக் தரையை உடைத்தெடுத்ததுபோல. மூன்று நாளில் 95 கிலோவுக்கு மேல் சேர்த்தனர். அத்தனையும் வரைபடம் தவறு என்றே சாற்றின. அவற்றுள் பெரும்பகுதி வெள்ளை, அனார்த்தசைட் இனம்.

தவறிய வரைபடத்துக்காக எவரும் நாணியதாகத் தெரியவில்லை. திருத்தி வரைந்தனர். அதன் பயனாய் வரைபடம் வரையும் முறையே இறுகியது என்றாள் அவள். கோள்களின் வரைபடக் குறிப்பில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் இரண்டு பத்தி எழுத வேண்டும். முதற்பத்தியில் கண்ணுக்குத் தெரிவது: வெளிர்நிறம், மேடுபள்ளம், பள்ளங்களின் தொகை. இரண்டாம் பத்தியில் அதனின்று ஊகிப்பது: எரிமலைக் குழம்பாகலாம், மோதலில் தெறித்த மண்ணாகலாம். இரண்டையும் கலக்கலாகாது. எல்லைக்கோட்டிலும் அதே ஒழுங்கு. உறுதியாகத் தெரியும் எல்லைக்கு முழுக்கோடு. ஐயமுள்ள எல்லைக்கு விட்டுவிட்டு வரையும் கோடு. சுவடியில் ஏடு சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர்களை எண்ணிக்கொண்டோம். சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பிவிட்டு வாளாவிருந்த பதிப்பாசிரியர்களையும் எண்ணிக்கொண்டோம்.

அக்குறிப்பைத் தமிழிலும் எழுதிப் பார்க்க விரும்பினாள். எம்மிடம் சொல் கேட்டாள். யாம் உடனே 'எரிமலைவாய்' என்றோம். நெடுநாள் முன்பு சிறுவர்க்கென எழுதிய கட்டுரை ஒன்றில் நிலாவின் எரிமலைவாய்கள் என்றே எழுதியிருக்கிறோம். அவள் மறுத்தாள். எரிமலையால் ஆனவை என்று பண்டு எண்ணினார்கள்; இன்று கிட்டத்தட்ட எல்லாமே விண்கல் மோதியதால் ஆனவை என்று தெளிந்துவிட்டது. சொல்லுக்குள்ளேயே தவறான முடிவு ஒளிந்திருந்தால் படிப்பவன் என்ன செய்வான் என்று கேட்டாள். அகராதியைப் புரட்டினோம். மேலைநாட்டார் வழங்கும் கிரேட்டர் என்னும் சொல், கிரேக்கர் மது கலக்கும் கிண்ணத்தின் பெயராம். அவர்கள் சொல் வடிவத்தை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. கிண்ணக்குழி என்று தமிழில் வழங்குவோர் செய்தது சரி. அதனையே எழுதினாள். மோதல் என்பதை இரண்டாம் பத்திக்கு ஒதுக்கினாள்.

நிலவின் கரிய சமவெளிகளைக் கடல் என்று பண்டையோர் அழைத்தனர். அங்கே ஒரு துளி நீரும் இல்லை. உறைந்த பசால்ட் குழம்பே உள்ளது. கடல் என்பதும் தவறான ஊகம் ஒளிந்த சொல்தான் என்றோம். நம் புலவர்கள் மதியின் கறையை மறு என்றனர். நிறத்தை மட்டுமே சுட்டும் சொல். மறுநிலம் எனலாமே என்றோம். அவள் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். முப்பதாண்டு தமிழ் கற்பித்ததன் பயனாய் நிலவில் எமக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. அன்னையார் இடைமறித்து, பாட்டி வடை சுடும் இடம் எங்கே என்று கேட்டார். அதுவும் மறுநிலத்தில்தான் என்று காட்டினாள்.

அன்றிரவு யாம் 2015-ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றிப் பேசினோம். அதில் முதற்பத்தியே இல்லை; இரண்டாம் பத்தி மட்டுமே இருந்தது. காணாததை முழுக்கோடாய் வரைந்துவிட்டோம் என்று சொல்லி, ஓராண்டு வீணானதற்கு வருந்துகிறோம் என்றோம். மூத்தோர் இளையோரிடம் இவ்வாறு பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. குரல் சரியாக வரவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த வருடம் நன்னியோடு இருந்தேன்" என்றாள். மன்னித்தாளா என்பது அதில் இல்லை. யாமும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் தோழியர் மூவர் இளங்கலையோடு நின்றுவிட்டனர் என்று பின்னர் அறிந்தோம். அவர்கள் வீட்டுக்கும் எவரோ படித்த சிற்றப்பன் கடிதம் எழுதியிருக்கக்கூடும். இம்மலரைப் படிக்கும் பெரியோர்களிடம் ஒன்று சொல்லலாம் என்று எண்ணுகிறோம். களப்பயணம் குறித்து அச்சமிருந்தால் அக்கல்லூரிக்கே சென்று கேளுங்கள். எந்த ஊர், எத்தனை ஆசிரியர், எப்போது திரும்புவர் என்று அவர்கள் எழுதியே தருவார்கள். யாம் கேளாது விட்ட கேள்விகள் அவை. ஃபாரூக் அல்பாஸ் என்னும் எகிப்திய நிலவியலாரின் பெயரையும் இளையோர் அறிந்துகொள்ள வேண்டும். நைல் கழிமுகப் பகுதியில் 1938-ஆம் ஆண்டு பிறந்தவர். அப்பல்லோ கலங்கள் இறங்க வேண்டிய இடங்களை ஆய்ந்து தேர்ந்தோருள் ஒருவர். மேலிருந்து நிலவை எவ்வாறு நோக்க வேண்டும் என்று வீரர்களுக்குப் பயிற்சி அளித்தவர்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியபோது, பொம்மிடி வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே அன்னையார் மறைந்துவிட்டார். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொல்லிப் பிள்ளைகள் துள்ளினர். அவள் மட்டும் ஒரு மூலையில் அமர்ந்து, இறங்கிய இடம் மேட்டுநிலமா, மண்ணின் நிறம் எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தொலைவு ஊர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. முடிவுகள் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளிவந்தன. அன்று பகலில் யாம் வகுப்பில் இருந்தோம். கைபேசி இருமுறை அதிர்ந்தது. இடைவேளையில் அழைத்தோம். ஆய்வு மாணவியாய்ச் சேலத்திலிருந்து அவள் சொன்னது ஒரே வரி: "சின்னத்தா, அங்கேயும் வெள்ளைக்கல்தான்." தென்துருவத்தை நோக்கிய அந்நிலத்தில், அதுவரை எவரும் மண்ணைத் தொட்டறியாத இடத்தில், இரும்பு கலந்த அனார்த்தசைட் இனத்து மண்ணே இருந்தது. ஆயினும் எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் மிகுந்த கனிமங்களும் கலந்திருந்தன. நெடுந்தொலைவிலுள்ள மிகப் பெரிய மோதல் வடுவிலிருந்து ஆழத்து மண் தெறித்து வந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். 'கருதுகின்றனர்' என்பதை அவள் அழுத்திச் சொன்னாள்.

அவள் 2020-ஆம் ஆண்டு வரைந்த டேகார்ட் வரைபடத்தின் படி ஒன்று எம் அறைச் சுவரில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் மேட்டுக்கும் சமவெளிக்கும் இடையே விட்டுவிட்டு வரைந்த கோடு உள்ளது. அது முழுக்கோடாகிவிட்டதா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறோம். இன்னும் இல்லை என்கிறாள்.

வரும் வாரம் எம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று மேசைக் கல்லைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். தாள்களின்மேல் வைக்க வேறு கல் தேட வேண்டும். அன்னையாரின் அம்மிக் குழவி வீட்டில்தான் கிடக்கிறது. அதனைக் கொண்டுவருமாறு தமையனாரிடம் சொல்லியிருக்கிறோம்.